அவளே இறங்கி வரட்டும்

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. நானும் கணவரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். கணவருக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயிலேறி சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். பிள்ளைக்கு ஆறு மாதமாக இருக்கும்போது பார்த்தவர்கள், பிறகு இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள். வாசலில் இறங்கியதுமே அத்தை ஆசையாகக் கையை நீட்டினார்கள். மகள் வீரிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்று மட்டும் ஐந்து வீடுகளுக்குப் போனோம். எல்லா வீட்டிலும் யாராவது அவளை வாங்கினார்கள், அவள் அழுதாள். "ஃப்ளாட்டுக்குள்ளேயே வச்சு வளர்த்தா இப்படித்தான்" என்ற பேச்சு வந்தது. ஞாயிறு காலை பாபநாசம் கோயில், இரவு மறுபடி ரயில். திங்கட்கிழமை காய்ச்சல். டாக்டரிடம் காட்டி இப்போது சரியாகிவிட்டது.

அத்தை என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது, "பிள்ளைக்கு என்னைப் பிடிக்கல போல" என்றார்கள். ரயிலில் அதை நினைத்து அழுதுவிட்டேன். மூன்று வயதாகிறவரை ஊருக்கே வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பிள்ளையைத் தவறாக வளர்க்கிறேனா?

எம்.

அன்புள்ள எம்,

இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை தெரியாத முகத்தைப் பார்த்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வது, அம்மா யார் என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருப்பதன் அடையாளம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஆறு மாதத்தில் பார்த்தவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதக் குழந்தை பெரும்பாலும் யார் தூக்கினாலும் போகும், யாரைப் பார்த்தாலும் சிரிக்கும். ஏறக்குறைய எட்டாவது மாதத்தில் அது மாறத் தொடங்குகிறது. பழகிய முகம், பழகாத முகம் என்ற பிரிவு பிள்ளைக்குள் விழுகிறது. அந்த மிரட்சி பல பிள்ளைகளுக்கு இரண்டு வயதுவரைகூட நீடிக்கும். உங்கள் அத்தையின் மனதில் இருப்பது தன் மடியில் கிடந்து சிரித்த அந்த ஆறு மாதக் குழந்தை. அவர் கை நீட்டியது அதற்குத்தான். வந்து இறங்கியவள் வேறொருத்தி. இதை யாராவது அவரிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், "பிடிக்கல போல" என்ற வார்த்தை வந்திருக்காது.

ஃப்ளாட்டில் வளர்ந்ததால் அழுகிறாள் என்பதும் சரியல்ல. 1950களில் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் உகாண்டாவின் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் மாதக்கணக்கில் கவனித்தார். அடுக்குமாடியும் பூட்டிய கதவும் இல்லாத வீடுகள் அவை. அங்கேயும் குழந்தைகள் புதியவர் நெருங்கினால் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு அழுதன. அவர் கண்ட இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயம் தெளிந்த குழந்தை அம்மாவின் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போகும், கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கும், வந்து தொட்டுவிட்டு மறுபடி போகும். அம்மா இருந்த இடத்திலேயே இருப்பதுதான் அதற்குத் தெம்பு. அப்படியிருக்க, பிள்ளையை அம்மாவிடமிருந்து பிடுங்கிப் பழக்கப் பார்ப்பது அந்தத் தெம்பையே எடுத்துவிடுவது.

இதை நான் செய்திருக்கிறேன். என் மூத்த மகளுக்கு உங்கள் மகளின் வயது இருக்கும்போது கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா கை நீட்ட, பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா மனம் நோகுமே என்று, மனைவியின் தோளிலிருந்து பிள்ளையை உரித்தெடுத்து அம்மா மடியில் வைத்தேன். மூச்சு அடைத்துப்போகிற அழுகை. "ஏலே, வாங்கிக்கோ. பிள்ள பயப்படுது" என்று அம்மாதான் திருப்பிக் கொடுத்தாள். மனைவி அன்று என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மத்தியானம் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். பிள்ளை இருக்கும் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை, கூப்பிடவும் இல்லை. மனைவியை மட்டும் எதிரே உட்காரச் சொல்லி ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. பிள்ளை மடியைவிட்டு இறங்கி, ஒரு ஈர்க்கைத் தொட்டுப் பார்த்து ஓடியது. பிறகு வந்து எடுத்தது. பிறகு அதை அம்மாவின் கையில் வைத்தது. அம்மா வாங்கி முறத்தில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அடுத்த ஈர்க்கு வந்தது. சாயங்காலம் பிள்ளை அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொழுவம்வரை போய் வந்தது. "கோழிக்குஞ்ச விரட்டியா பிடிப்ப?" என்று அம்மா என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்தது தூக்கம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் பயணத்தை அந்தக் கணக்கில் வையுங்கள். மூன்று இரவுகளில் இரண்டு ரயிலில். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் தேவையில்லை, டிக்கெட் எடுக்காவிட்டால் தனியாகப் படுக்கையும் இல்லை. உங்கள் பெர்த்தில் உங்களை ஒட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் விழித்து, ஏறக்குறைய 650 கிலோமீட்டர் வந்திருக்கிறாள். சனிக்கிழமை பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் ஐந்து வீடுகள். அந்த அழுகையில் பாதி தூக்கம் கெட்ட அழுகை என்றே நினைக்கிறேன்.

ஆகவே போவதை நிறுத்தாதீர்கள், தங்குவதை நீட்டுங்கள். இரண்டு நாளாக மூன்று முறை போவதைவிட, லீவு சேர்த்து ஒரே முறை ஐந்து நாள் போகலாம். முதல் நாள் அத்தை வீட்டைவிட்டு எங்கேயும் நகரவேண்டாம். உறவுக்காரர்களைச் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஒரே நேரத்தில் எல்லோரையும் அல்ல. "என் வீட்டு வாசலை மிதிக்கலையே" என்று நம் ஊரில் மனத்தாங்கல் வரும், அது பொய்யான வருத்தமும் இல்லை. கூப்பிடுகிறவர்கள் பாசத்தில்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கிளம்பும் முன்பே போன் போட்டு, பிள்ளை சிறிசு, இந்தத் தடவை நீங்கள் வாருங்கள், அடுத்த தடவை உங்கள் வீடு என்று சொல்லவேண்டும்.

சொல்லவேண்டியவர் உங்கள் கணவர். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது அவர் ஊர், அவர் பெரியப்பா, அவர் சித்தி. அவர் சொன்னால் உரிமை, நீங்கள் சொன்னால் மருமகள் மறித்தாள் என்றாகும். சளி பிடித்தவர்கள் பிள்ளையை முத்தமிடவேண்டாம் என்பதையும் அவரே சொல்லட்டும். மூன்று வயதுவரை போகவேண்டாம் என்பது உங்களுக்கு வந்த வலியைப் பார்த்து அவர் எடுத்த முடிவு. ஆனால் அதற்குள் அத்தைக்கும் ஒன்றரை வயது கூடிவிடும்.

காய்ச்சல் கண்ணேறால் வந்தது என்று அத்தை அடுத்த தடவை மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும். டாக்டரிடமும் காட்டியாயிற்று, அதில் சண்டை வேண்டாம்.

இன்று சாயங்காலமே அத்தையைப் போனில் கூப்பிடுங்கள். பிள்ளைக்குப் பிடிக்காமல் இல்லை, இந்த வயதில் எல்லோரிடமும் இப்படித்தான் என்று சொல்லுங்கள். அடுத்த தடவை நீங்கள் வரும் நாளில் முருங்கைக்கீரை ஒடித்து வைக்கச் சொல்லுங்கள். எதிரே நீங்கள் உட்காருங்கள்.