கதிர்வீச்சு பட்ட தோலுக்குக் கொழுப்பு ஊசியா?

கேள்வி: டாக்டர், மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு முடிந்து நாலு வருஷம். அந்த இடத்துத் தோல் அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. கையைத் தூக்கினால் இழுக்கிறது. வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஊசியாகப் போட்டால் இளகுமாமே, நிஜமா? ‘ஸ்டெம் செல் க்ரீம்’ என்றும் விளம்பரம் வருகிறதே?

பதில்: பலருக்கு இளகுகிறது, அம்மா. கதிர்வீச்சில் தோலடி ரத்த நுண்குழாய்கள் கெட்டுப்போகும். ரத்தம் குறைந்த இடத்தில் நார்த்திசு மண்டும். அதுதான் அந்த விறைப்பு. கொழுப்போடு சேர்ந்து போகும் ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) புதுக் குழாய்கள் முளைக்கத் தூண்டுவதாகக் கருதுகிறார்கள். இத்தாலியில் ரிகோட்டி குழுவினர் 20 பேருக்குச் செய்து 2007இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வை நான் நம்பாமல்தான் படிக்க ஆரம்பித்தேன். போட்ட கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும், அதனால் சில மாதம் விட்டுத் திரும்பவும் போட வேண்டிவரலாம். புற்று திரும்பவில்லை என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொன்ன பிறகே ஊசி. ‘ஸ்டெம் செல் க்ரீம்’ விளம்பரமா? காசைப் பத்திரப்படுத்துங்கள். தோள் பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.