‘வக்கிரம்’ கெட்ட சொல்லா?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கோள்கள் சில காலம் பின்னால் நகர்வது போல் தெரிவதைப் பாடத்தில் சொல்லும்போது, பஞ்சாங்கத்தில் வரும் சொல்தானே என்று ‘செவ்வாய் வக்கிரம்’ என்றேன். பையன்கள் சிரித்துவிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, “என் ஜாதகத்துல புதனுக்குப் பக்கத்துல (வ) போட்டிருக்கு மிஸ், எனக்கு வக்கிர புத்தியா?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? வகுப்பில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

பதில்: முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லிவிடுவோம், மற்றது அப்புறம். புதன் ஆண்டுக்குப் பெரும்பாலும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும். அப்படியானால் பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஜாதகத்தில் புதன் பக்கத்தில் (வ) இருக்கும். சனிக்கு இன்னும் அதிகம். ஆண்டுதோறும் நாலரை மாதம் வக்கிரம் என்பதால் மூன்றில் ஒருவருக்கு அந்த எழுத்து விழும். உங்கள் வகுப்பிலேயே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அது அன்றைய வானத்தைப் பற்றிய குறிப்பு, பிறந்த பிள்ளையின் குணத்தைப் பற்றியது அல்ல.

இனி சொல்லுக்கு வருவோம். ‘வக்ர’ என்ற வடசொல்லுக்கு வளைந்தது, கோணியது என்றுதான் பொருள். பின்னால் போவது என்ற பொருள் அதன் வேரில் இல்லை. பிள்ளையாரை ‘வக்ரதுண்ட’ என்று கும்பிடுகிறோமே, அது வளைந்த தும்பிக்கையைச் சொல்கிறது. உடலில் எட்டுக் கோணலோடு பிறந்த முனிவர் அஷ்டாவக்கிரர். கோணலாகப் போவதைக் குறிக்கும் ‘வஞ்ச்’ என்ற வடமொழி வினையடிதான் இதற்கு வேர். ‘வஞ்சனை’யும் அதே வேரில் பிறந்தது. ஆக, வளைவு என்ற ஒரே பொருள் இரண்டு பக்கம் கிளைத்திருக்கிறது. நேராக இல்லாத மனம் வக்கிர புத்தி ஆயிற்று, நேராகப் போகாத கோளின் நடை வக்கிர கதி ஆயிற்று. செய்தித்தாள்கள் முதல் பொருளையே திரும்பத் திரும்ப எழுதியதால் இரண்டாவது பொருள் பஞ்சாங்கத்துக்குள் ஒதுங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் அது வானத்தை உற்றுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

எப்படி என்று கேட்டால், 2024 டிசம்பர் தொடங்கி 2025 பிப்ரவரி வரை செவ்வாய் வக்கிரத்தில் இருந்ததை மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். டிசம்பர் தொடக்கத்தில் பூச நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜனவரியில் பார்த்தால், புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பூசத்துக்கு முந்தியது புனர்பூசம், அதாவது வந்த வழியே திரும்பியிருக்கிறது. ஆனால் வந்த கோட்டிலேயே திரும்பவில்லை. தினம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் தாளில் கோலத்தின் சுழி போல ஒரு வளைவு விழுகிறது. ‘வளைந்த நடை’ என்று பெயர் வைத்தவர்கள் இந்தச் சுழியைத்தான் பார்த்திருக்க வேண்டும். கோள்களின் நடையை எட்டு வகையாகப் பிரிக்கும் பழைய வடமொழி வானியல் நூலான சூரிய சித்தாந்தம், வக்கிரம், அனுவக்கிரம், குடிலம் என்றே தொடங்குகிறது. குடிலம் என்றாலும் கோணல்தான்.

செவ்வாய் உண்மையில் திரும்புவதில்லை. பூமி சூரியனை 365 நாளில் சுற்றுகிறது, செவ்வாய்க்கு 687 நாள் ஆகிறது. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் நாம் அதை முந்தும்போது அது பின்னால் போவது போலத் தோன்றுகிறது. தாம்பரம் பக்கம் எக்ஸ்பிரஸில் வரும்போது அடுத்த தண்டவாளத்தில் மின்சார ரயிலும் அதே திசையில்தான் போகும், ஆனால் நம் ஜன்னலில் அது பின்னால் நழுவும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும்.

தமிழில் பின்னால் போவதற்குச் சொல் பஞ்சமில்லை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சுமந்திருக்கிறது. பின்வாங்குவது தானாக எடுக்கும் முடிவு. பின்னடைவு நம்மை மீறி வருவது, தேர்தல் முடிவு நாளில் கேட்கிறோமே. புறமுதுகு காட்டுவதில் மானம் போகிறது. புறநானூற்றின் 278ஆம் பாடலில் ஊரார் ஒரு கிழவியிடம், அவள் மகன் ‘படை அழிந்து மாறினன்’ என்கிறார்கள். இங்கே ‘மாறினன்’ என்றால் போரில் முதுகு காட்டித் திரும்பினான் என்று அர்த்தம். அப்படியானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள் அந்தத் தாய். வக்கிரத்துக்கு மிக நெருங்கி வரும் சொல் ‘மடங்கு’தான். வளைவது, திரும்புவது என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. இன்று மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்ற கணக்கே முதலில் நினைவுக்கு வருவதால் வகுப்பில் அது உதவாது.

அதனால் ‘பின்னோக்கு நகர்வு’ என்று சொல்லுங்கள். முதல் தடவை மட்டும் ‘தோற்ற’ என்று சேர்த்து ‘தோற்றப் பின்னோக்கு நகர்வு’ என்றால் குழப்பம் வராது. ‘பஞ்சாங்கத்தில் இதையே வக்கிரம் என்பார்கள், வளைவு என்று பொருள்’ என்று ஒரு வரியும் சேருங்கள். சொல்லை ஒளித்துவைத்தால் அந்த மாணவியின் பயம் அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பாடநூலில் ‘ரெட்ரோகிரேட்’ என்று பார்த்தவுடன் இந்தச் சொல்லைப் போட்டுவிட வேண்டாம். லத்தீனில் ‘ரெட்ரோ’ என்றால் பின்னால், ‘கிராடி’ என்றால் நடப்பது. அந்த ஒரே சொல்லை இரண்டு விஷயங்களுக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று மேலே சொன்ன தோற்றம், இன்னொன்று நிஜமாகவே எதிர்த்திசையில் சுற்றுவது. வெள்ளிக் கோள் மற்ற பெரும்பாலான கோள்களுக்கு எதிர்ப்புறமாகத் தன்னைத்தானே சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 243 நாள். நெப்டியூனின் நிலவான டிரைட்டன், நெப்டியூன் சுழலும் திசைக்கு எதிராக அதைச் சுற்றிவருகிறது. இவை தோற்றமல்ல, நிஜம். இவற்றுக்கு முறையே ‘எதிர்த்திசைச் சுழற்சி’, ‘எதிர்த்திசைச் சுற்று’ என்று எழுதுங்கள். வக்கிரம் என்ற சொல் இங்கே தப்பு.

செவ்வாய் அடுத்து 2027 ஜனவரியில் திரும்பத் தொடங்கி மார்ச் கடைசி வரை சிம்ம நட்சத்திரக் கூட்டத்தில் பின்னால் நகரும். மகம் பிரகாசமான நட்சத்திரம், கண்டுபிடிப்பது எளிது. வாரம் ஒரு தடவை இரவில் பார்த்து, மகத்துக்கு எந்தப் பக்கம் செவ்வாய் நிற்கிறது என்று நோட்டில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்த மாணவியையும் வைக்கச் சொல்லுங்கள்.