ஜாடை வருகிறது, களை வரவில்லை: அப்பத்தாவை எப்படி வரைவது?

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "போனில் எடுத்த படத்தைப் பார்த்து, கட்டம் போட்டு, அப்பத்தாவை வரைந்து முடித்துவிட்டேன். எச்பி, 2பி பென்சில்தான். பார்த்தவர்கள் எல்லாரும் யார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அப்பத்தா சிரிக்கிற மாதிரி இல்லை, பல்லைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. இன்னும் ஷேடிங் போட வேண்டுமா?"

வேண்டாம். போட்டதில் பாதியை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஜாடை வந்துவிட்டது என்றால் கண், மூக்கு, வாய் எல்லாம் அளவாக அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. களை என்று நாம் சொல்வது, அந்த முகத்தில் எந்தத் தசை எதை இழுக்கிறது, எது தளர்ந்து கிடக்கிறது என்பதைக் கண் உணர்வதில் இருக்கிறது. கட்டம் போட்டு வரையும்போது இதுதான் முதலில் போகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாம் ஒரே கவனத்தையும் ஒரே அழுத்தத்தையும் கொடுக்கிறோம், சேலைக் கரைக்கும் கண்ணோரச் சுருக்கத்துக்கும் ஒரே பென்சில், ஒரே பொறுமை.

முதலில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1862-இல் டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகத்தில் மின்சாரம் பாய்ச்சித் தசைகளைத் தனித்தனியாக இயக்கிப் படம் எடுத்தவர் அவர். வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை மட்டும் இயக்கினால் வருகிற சிரிப்பு பொய்யாகத் தெரிந்தது, கண்ணைச் சுற்றியிருக்கும் தசையும் சேர்ந்தால்தான் அது மகிழ்ச்சிச் சிரிப்பு என்று அவர் எழுதினார். உங்கள் படத்தில் நடந்திருப்பதும் அநேகமாக இதுதான்: வாய் சிரிக்கிறது, கண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறது.

சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறிக் கீழ் இமையைத் தள்ளுகிறது. சாதாரணமாகக் கிண்ணம் போல வளைந்திருக்கும் கீழ் இமை அப்போது கிட்டத்தட்ட நேர்கோடாகி, கருவிழியின் அடிப்பகுதியைக் கொஞ்சம் மறைக்கும், இமைக்குக் கீழே சின்னதாக ஒரு மேடு தட்டும். வயதானவர்களுக்கு மேல் இமையும் ஏற்கனவே இறங்கியிருக்கும், ஆக கண் ஒரு கீற்றுதான். ஆனால் வரைகிறவர்களுக்குக் கண் என்றால் மீன் வடிவம், நடுவில் முழு வட்டம் என்று கை பழகிவிட்டதால், எதிரே கீற்று இருந்தாலும் தாளில் முழுக்கண் வந்து விழுகிறது. அதனால் கீழ் இமையை முதலில் வரையுங்கள், வாயைக் கடைசியில். கண்ணும் கன்னமும் சரியாக அமைந்துவிட்டால் வாயில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. விழியின் வெள்ளையைத் தாளின் வெள்ளையாகவே விடாதீர்கள், அங்கே மெல்லிய சாம்பல் போட்டால்தான் கருவிழியில் விடுகிற ஒளிப்புள்ளி எரியும்.

பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரிக்கவே கூடாது. பல்வரிசையை ஒரே வெளிச்சமாக விட்டு, ஈறு பக்கம் இரண்டு மூன்று இடத்தில் தொட்டுக் காட்டினால் போதும். வாயிலேயே அழுத்தமான இருட்டு இரண்டு ஓரங்களிலும் இருக்கும் குழிகளில்தான், அங்கே மட்டும் பென்சிலை அழுத்துங்கள். மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு கோடே அல்ல, கன்னம் பொங்கி வந்து உள்ளே மடிகிற இடம். கன்னத்துப் பக்கம் அதற்கு விளிம்பு இருக்கும், வாய்ப் பக்கம் நிழல் கரைந்துபோகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடாகப் போட்டால் அப்பத்தாவுக்குப் பத்து வயது கூடும், சிரிப்பும் போய்விடும். அப்புறம், சிரிப்பு ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தால் அதைச் சரி செய்யாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த சிரிப்பு அதுதான்.

எதை விடுவது, எங்கே அழுத்துவது என்று கேட்டால், நான் எப்போதும் காட்டுவது கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர் 1933-இல் கரித்துண்டால் தன்னையே வரைந்துகொண்ட படத்தை. பக்கவாட்டில் தெரியும் அந்த வயதான முகத்தைப் பொறுமையாக உருவாக்கியிருக்கிறார், வரைகிற கையையும் அதன் விரல்களையும்கூட. ஆனால் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கரித்துண்டை அகலமாக வைத்து மின்னல் மாதிரி இழுத்துவிட்ட கோடுகள்தான், அங்கே கை என்று தனியாக ஒன்றுமே இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்து, அவர் பிரஷ்யக் கலைக் கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்த ஆண்டு அது. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கி வைத்ததெல்லாம் அந்தக் கை வழியாக இறங்குவதாகத்தான் எனக்குப் படும். நம் ஊரில் கே.எம். ஆதிமூலம் காந்தியை வரைந்த கருப்பு வெள்ளைக் கோட்டோவியங்களையும் தேடிப் பாருங்கள், எவ்வளவு தாளை வெறுமையாக விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

போன் படத்திலும் கோளாறு இருக்கலாம். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். நீங்கள் அதை அப்படியே அளந்து வரைவீர்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது முகத்தின் மேடு பள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள், "சிரிங்க" என்று சொல்லாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

ஆனால் அப்பத்தா பக்கத்திலேயே இருக்கிறார் என்றால், படத்தை விட அவர்தான் முக்கியம். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து, பால்பாயிண்ட் பேனாவில் இரண்டிரண்டு நிமிடமாகப் பத்துப் படம் போடுங்கள், ரப்பர் கிடையாது. ஒரே வேலையைச் செய்கிறவர் திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருவார், அதனால் அசைகிறாரே என்று பயப்பட வேண்டாம். கண்ணை, மூக்கைத் தொடாமல் கழுத்திலிருந்து தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதல் கோடாகப் போடுங்கள். காது வளர்த்த அப்பத்தா என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: தலை சாய்ந்தாலும் அந்த நீண்ட காது மடல் தூக்குக் குண்டு மாதிரி நேராகத்தான் தொங்கும், அதற்கும் தாடைக்கும் நடுவில் விழுகிற இடைவெளி சாய்வைச் சொல்லிவிடும். நான் அப்பாவை முதன்முதலில் வரைந்தபோது மூன்று நாள் புருவ முடியிலேயே கிடந்தேன், அவர் எப்போதும் தலையை இடது பக்கம் சாய்த்துத்தான் பேச்சைக் கேட்பார் என்பதைப் பார்க்கவே இல்லை.

கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1630-இல் லைடன் நகரில் இருந்தபோது, கண்ணை விரித்து, முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து தன் முகத்தையே சின்னச் சின்னச் செதுக்கோவியங்களாக (செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சிடுகிற படங்கள்) செய்தார், சிலது தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அப்பத்தா மாதிரி சிரித்துப் பார்த்தால் எங்கே இறுகுகிறது என்று உங்கள் கன்னமே சொல்லும்.

பென்சிலில் எச்பியை விடுங்கள், அது இருட்டுக்குப் போகாது. 4பி, 6பி, முடிந்தால் கரித்துண்டு, பிசைந்து உருட்டுகிற ரப்பர், கொஞ்சம் சொரசொரப்பான தாள், இவ்வளவு போதும். தாள் முழுக்கக் கரியைத் தடவிச் சாம்பலாக்கிவிட்டு, வெளிச்சத்தை ரப்பரால் எடுத்து எடுத்து வரைந்து பாருங்கள், கோட்டுப் பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும்.

சரி, முடித்து வைத்திருக்கும் அந்தப் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். பிசைகிற ரப்பரை ஒற்றி ஒற்றிப் பற்களுக்கு நடுவே இருக்கும் கோடுகளை எடுங்கள், சேலையையும் முடியையும் பாதிக்கு மங்கலாக்குங்கள். பிறகு கீழ் இமையை ஒரு நூல் அளவு மேலே ஏற்றி, வாயோரக் குழி இரண்டிலும் 6பி பென்சிலால் ஒரு அழுத்து. நாலடி தள்ளி வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்.