சிட்னியில் எச்.எஸ்.சி. (12ஆம் வகுப்பு இறுதிச் சான்றிதழ்) படித்துக்கொண்டே சம்பளத்தோடு எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸாகச் சேர முடியுமா? மகள் 10ஆம் வகுப்பு. ஏட்டார் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை எண்) போய்விடுமா?

முடியும். நியூ சவுத் வேல்ஸில் 10, 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு இதற்கென்றே பள்ளிவழி அப்ரெண்டிஸ்ஷிப், டிரெய்னிஷிப் என்று இரண்டு ஏற்பாடுகள் உண்டு. டிரெய்னிஷிப் என்றால் பெரும்பாலும் எச்.எஸ்.சி.யோடு சேர்ந்தே சான்றிதழும் கைக்கு வந்துவிடும். எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களுக்கு அப்ரெண்டிஸ்ஷிப்தான். அதில் பள்ளிக் காலத்தில் முதல் கட்டம் மட்டுமே முடியும், மீதியை எச்.எஸ்.சி. முடிந்தபின் முழுநேரமாகத் தொடர வேண்டும்.

ஏட்டார் தானாகப் போய்விடாது. ஏட்டார் கணக்கில் சேரும் பாடங்களில் 10 யூனிட் (பாடத்தின் எடையளவு) வேண்டும், அதில் ஆங்கிலம் 2 யூனிட் கட்டாயம். தொழிற்பயிற்சிப் பாடங்கள் சிலவற்றுக்கு எச்.எஸ்.சி. எழுத்துத் தேர்வு உண்டு. கட்டுமானம், ஹாஸ்பிட்டாலிட்டி அப்படிப்பட்டவை. அந்தத் தேர்வு விருப்பத் தேர்வு. எழுதினால்தான் அந்த யூனிட்கள் ஏட்டாரில் சேரும். குழந்தைப் பராமரிப்பு போன்றவற்றுக்கு அப்படித் தேர்வே இல்லை, எச்.எஸ்.சி.க்கு யூனிட் கிடைக்கும், ஏட்டாருக்குக் கிடைக்காது. ஆகவே 10ஆம் வகுப்பில் பாடத் தேர்வுப் படிவத்தைக் கொடுக்கும் முன்பே பள்ளியின் கேரியர்ஸ் ஆசிரியரோடு உட்கார்ந்து, பயிற்சிப் பாடத்தை ஒதுக்கிவிட்டு மற்றவை மட்டும் 10 யூனிட் வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் கவலையே வேண்டாம்.

உண்மையான சிக்கல் நாள் கணக்கில்தான். குறைந்தது 100 நாள் சம்பள வேலை செய்திருக்க வேண்டும், சில படிப்புகளுக்கு அதைவிடக் கூடுதல். 11ஆம் வகுப்பின் முதல் டேர்மில் (பள்ளிப் பருவத்தில்) தொடங்கினால், 12ஆம் வகுப்பின் மூன்றாம் டேர்ம் முடிவுவரை ஏழு டேர்ம்கள். டேர்முக்குச் சுமார் 10 வாரம், வாரத்துக்கு ஒரு நாள் என்றால் 70 நாள்தான் ஆகிறது. மீதி 30 நாளை விடுமுறைகளில் செய்ய வேண்டும். 11ஆம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையில் மூன்று வாரம் வேலைக்குப் போனால் 15 நாள் கழிந்துவிடும். 12ஆம் வகுப்பு விடுமுறைகளை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போது டிரையல் தேர்வு (எச்.எஸ்.சி.க்கு முந்தைய ஒத்திகைத் தேர்வு) நெருங்கியிருக்கும். ஒப்பந்தம் தொடங்கும் முன் 'சும்மா வந்து பார்' என்று கேஷுவலாகச் செய்த நாட்களும் இந்த 100இல் வராது.

வேலைக்குப் போகும் நாளில் பள்ளியில் நடந்த பாடத்தை அந்த வாரமே பிடித்துவிட வேண்டும். மதிப்பீட்டு வேலைகள் தவறினால் 'N அவார்டு' (பாடத்தை நிறைவுசெய்யவில்லை என்ற தீர்மானம்) எச்சரிக்கைக் கடிதம் வரும். அது சரியாகாமல் நின்றால் அந்தப் பாடமே எச்.எஸ்.சி. கணக்கில் விழாது. மதிப்பீட்டு அட்டவணையைத் தொடக்கத்திலேயே முதலாளியிடம் கொடுத்துவிட்டால் அந்த நாட்களில் வேலை மாற்றித் தரச் சொல்லலாம். டேஃப் (அரசுத் தொழிற்கல்வி நிறுவனம்) வகுப்பு எந்த நாள் என்பதையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வேலைக்கு ஒரு நாள், டேஃபுக்கு இன்னொரு நாள் என்று போனால் பள்ளிக்கு மூன்றே நாள்தான் மிஞ்சும். கணிதமும் அறிவியலும் எடுக்கும் பிள்ளைக்கு அது கடினம்.

சம்பளத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று. பெரும்பாலான அவார்டுகளில் (துறைவாரியான சம்பள விதிகளில்), பள்ளிவழி அப்ரெண்டிஸ் வேலைத்தளத்தில் செய்யும் மணிநேரத்தில் 25 விழுக்காட்டைப் பயிற்சி நேரமாகக் கணக்கிட்டு அதற்கும் சம்பளம் தர வேண்டும். 8 மணிநேரம் வேலை செய்தால் 10 மணிநேரச் சம்பளம். பேஸ்லிப்பில் 8 மட்டும் இருந்தால் கேட்டுவிடுங்கள். சம்பளப் படி ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும்: பள்ளிவழியாக இரண்டு ஆண்டு செய்தால் ஓர் ஆண்டு முன்னேற்றம், அல்லது திறன் அடிப்படையில். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் வாரம் 30 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தால்தான் சூப்பர் (முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பு) கட்டாயம். அது வராததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயிற்சி ஒப்பந்தத்தில் மகளோடு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும், பள்ளியின் ஒப்புதலும் தேவை. வரி எண், யு.எஸ்.ஐ. எண் (மாணவர் அடையாள எண்) இரண்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கட்டுமானத் தளத்துக்குப் போக ஒயிட் கார்டு (கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை) இல்லாமல் முடியாது. அதை 14 வயதிலிருந்தே எடுக்கலாம்.

போக்குவரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரிக்கல் வேலை காலை 7 மணிக்கே தொடங்கிவிடும், தளம் வாரத்துக்கு வாரம் மாறும். பி-பிளேட் (தனியாகக் கார் ஓட்ட அனுமதிக்கும் முதல் உரிமம்) கிடைக்க 17 வயதாக வேண்டும். அதுவரை யார் கொண்டுபோய் விடுவது, முதலாளி வழியில் ஏற்றிக்கொள்வாரா என்பதை நேர்காணலிலேயே பேசிவிடுங்கள். தளம் தூரமாக இருக்கும் வாரங்களில்தான் வேலை நாட்கள் தவறிப்போகும்.

நடுவில் முதலாளி தொழிலை மூடினாலும் எல்லாம் வீணாகாது. முடித்த பாடப்பகுதிகள் மகளின் பெயரிலேயே நிற்கும், ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றலாம். அப்படி மாற்றும்போது செய்த நாட்களுக்குச் சான்று கேட்பார்கள். பேஸ்லிப்புகளையும், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட நாள்பதிவையும் முதல் வாரத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.