கோடை மாலையில் வீட்டு வாசலில் விருந்து: முப்பது பேருக்கு எளிதாக என்ன சமைக்கலாம்?

கேள்வி: சித்திரை விடுமுறையில் உறவினரும் நண்பர்களுமாக முப்பது பேரை ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து, வெளியே காற்றோட்டமாக அமர்ந்து சாப்பிட வைக்க விரும்புகிறோம். சமையற்காரர் வைக்கப் போவதில்லை. எல்லோருக்கும் பிடித்த, அதிகச் சிரமம் தராத உணவுகளைச் சொல்ல முடியுமா?

பதில்:

நாங்கள் பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள். கோடை விடுமுறை வந்துவிட்டால் அத்தை வீட்டார், பங்காளி வீட்டார், பிள்ளைகளின் நண்பர்கள் என்று யாரேனும் ஒரு கூட்டம் எங்கள் வாசலில் கூடாமல் இருப்பதில்லை. அந்தப் பழக்கத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கோடையில் திறந்த வெளி விருந்துக்கு உணவைத் தேர்ந்தெடுக்கும்போது சுவையைப் பார்ப்பதற்கு முன்னால், எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம், எதைக் கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டும் என்று பிரித்துப் பாருங்கள். முன்னால் செய்து வைப்பவை கெடாதவையாக இருக்க வேண்டும்; தேங்காய், பால், தயிர், கறி போன்ற விரைவில் கெடுபவை தட்டில் விழும் நேரத்தில்தான் குளிர்பெட்டியிலிருந்தோ அடுப்பிலிருந்தோ வெளியே வர வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் வேலையும் குறையும், யாருக்கும் வயிற்றுக் கோளாறும் வராது.

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் வேகமாகப் பெருகுகின்றன. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது விதி. சுற்றியுள்ள வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஈரோட்டிலும் கரூரிலும் சேலத்திலும் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். பொழுது சாய்ந்த பிறகும் வாசல் கல் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, மதியமே இறக்கி வைத்த பிரியாணி, தேங்காய் அரைத்து ஊற்றிய குருமா, பாத்திரம் நிறையத் தயிர்ப் பச்சடி ஆகியவற்றை நான் இந்த விருந்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை நல்ல உணவுகள்தாம்; ஆனால் இந்த வேளைக்கும் இந்த இடத்துக்கும் பொருந்தாதவை.

என் முதல் தேர்வு சந்தகை, அதாவது வேகவைத்த அரிசி மாவை இடியாப்பம் போல இழையாகப் பிழியும் உணவு. கொங்கு நாட்டில் இதைப் பிடிக்காத பிள்ளையையும் நான் பார்த்ததில்லை, பெரியவரையும் பார்த்ததில்லை. மற்ற உணவுகளும் இருக்கும் என்பதால் முப்பது பேருக்கு இரண்டரைக் கிலோ இட்லி அரிசி போதும். காலையில் நான்கு மணி நேரம் ஊறவைத்து, உப்பு மட்டும் சேர்த்து, உளுந்து இல்லாமல் வழவழவென்று கெட்டியாக அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மாவு புளிக்கக் கூடாது. புளித்தால் சந்தகையின் மணமே மாறிவிடும். விருந்தினர் வந்து அமர்ந்த பிறகு மாவை இட்லித் தட்டில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, சந்தகை பிழியும் முக்காலியை வாசலுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

பிழியும் வேலையை அடுப்படியில் ஒளித்துச் செய்வதை விட எல்லோருக்கும் நடுவில் செய்வதே நல்லது. வெந்த மாவு சூடாக இருக்கும்போதே பிழிந்தாக வேண்டும். ஆறிவிட்டால் அது இறுகி, எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. ஒருவர் ஈரத்துணியில் இட்லியை எடுத்து முக்காலியின் உழக்கில் போட, ஒருவர் பிடியைத் திருக, இன்னொருவர் கீழே தட்டைச் சுற்றிப் பிடித்து வெண்ணிற இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வாங்க வேண்டும். இரண்டு தட்டுப் பிழிவதற்குள் கை ஓய்ந்துவிடும் என்பதால், “மாமா, வந்து ஒரு கை புடிங்” என்று கூப்பிட்டால் யாராவது எழுந்து வருவார்கள். அதுவரை பேச்சே இல்லாமல் அமர்ந்திருந்த இரு வீட்டார் பிழியும் முக்காலியைச் சுற்றிப் பேசத் தொடங்குவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். விருந்துக்கு வருபவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பதும் உபசாரத்தில் ஒரு பங்குதான் என்பது என் எண்ணம்.

பிழிந்த சந்தகையில் ஒரு பாதியை எலுமிச்சைச் சாறும் கடலைப் பருப்புத் தாளிதமும் சேர்த்துக் கிளறிவிடலாம். இன்னொரு பாதியை வெறுமனே வைத்து, தேங்காய்ப்பாலோடு கொடுக்க வேண்டும். இதற்கு ஆறு தேங்காய்த் துருவலைக் காலையிலேயே எடுத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, கெட்டியான முதற்பாலை மட்டும் பிழிந்து, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் சேருங்கள். மொத்தப் பாலையும் ஒரே அண்டாவில் வெளியே வைக்காமல், சிறு சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிருந்து கொண்டுவாருங்கள். தேங்காய்ப்பால் அவ்வளவு சீக்கிரம் திரிந்துவிடும்.

கறி சாப்பிடுபவர்களுக்குப் பள்ளிபாளையம் சிக்கனை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டை ஒட்டியபடி நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரால் வழங்கும் இந்த வறுவலுக்கு மசாலாப் பொடி எதுவும் தேவையில்லை, அரைக்கும் வேலையும் இல்லை. ஒரு கிலோ கோழிக் கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது வரமிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய், இவ்வளவுதான். மிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட வேண்டும். விதையோடு உள்ளிருக்கும் நரம்பும் பெருமளவு போய்விடுவதால் காரம் தணிந்து, மிளகாய்த் தோலின் நிறமும் வாசமும் மட்டும் எண்ணெயில் இறங்கும். இருபது மிளகாய் என்று கேட்டு அஞ்சுபவர்கள் இந்த விவரத்தைக் கவனிக்க வேண்டும்.

வாசலின் ஓரத்தில் மூன்று செங்கல்லை அடுக்கி, விறகு மூட்டி, அகலமான இரும்புச் சட்டியை ஏற்றுங்கள். காய்ந்த எண்ணெயில் முதலில் மிளகாய், பிறகு வெங்காயம், அது கண்ணாடி போல் ஆனதும் இஞ்சி பூண்டு, பின்னர் கறி என்று வரிசையாகப் போட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம். கறியே நீர் விடும், அந்த நீரிலேயே வெந்து, நீர் வற்றிய பிறகு எண்ணெய் பிரிந்து சுருண்டு வரும். தேங்காய்ச் சில்லைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால் அது மிருதுவாகவும் ஆகாமல் கருகவும் செய்யாமல், கடிக்கும்போது இனிப்பாக இருக்கும். எலும்பில்லாத கறியைச் சுண்டுவிரல் கனத்துக்கு வெட்டி வாங்கினால் உள்ளேயும் நன்றாக வெந்துவிடும். சட்டியை இறக்காமல் தணலை ஒதுக்கி, அதன் மேலேயே வைத்துப் பரிமாறினால் கடைசி ஆளுக்கும் சூடாகக் கிடைக்கும். முப்பது பேருக்கு மூன்று கிலோ தாராளம். பச்சைக் கறியைச் சட்டியில் போடும் நேரம் வரை குளிர்பெட்டியில் வையுங்கள். அதைத் தொட்ட கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயத்தின் பக்கம் போக விடாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இதே முறையில் காளானைச் செய்யலாம். அதற்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைப்பதே மரியாதை. நாள் குறிப்பதற்கு முன், அழைக்கப்படுபவர்களின் ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் நோன்பு சாட்டியிருப்பார்கள். அந்த நாட்களில் பல வீடுகளில் கவுச்சி தொட மாட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சேலத்துத் தட்டுவடை (தட்டை) செட். பெரியவர்களும் அதை விட மாட்டார்கள் என்பதால் கணக்கைச் சற்றுக் கூட்டியே வையுங்கள். உள்ளங்கையில் அடங்கும் சிறிய தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். துருவிய காரட், துருவிய பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்த பச்சைச் சட்னி, தக்காளியும் பூண்டும் வரமிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி, எலுமிச்சைத் துண்டுகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துவிட்டால், ஒரு தட்டுவடையின் மேல் சட்னி தடவிக் காய்களைப் பரப்பி இன்னொன்றால் மூடி அவரவரே செய்துகொள்வார்கள். பீட்ரூட்டைத் துருவியதும் கையால் நீரைப் பிழிந்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் கிண்ணம் முழுவதும் சாறு இறங்கித் தட்டுவடை நமுத்துப் போகும். சட்னியில் தேங்காய் சேர்க்க வேண்டாம். முன்கூட்டியே செட் செய்து தாம்பாளத்தில் அடுக்கவும் வேண்டாம்; சில நிமிடங்களிலேயே மொறுமொறுப்புப் போய்விடும். மீந்த தட்டுவடையை நொறுக்கி, அதே காய்களையும் சட்னிகளையும் போட்டுக் கிளறினால் அது நொறுக்கல் என்னும் வேறொரு தீனி.

குடிப்பதற்கு நீர்மோர் போதும். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம், உப்புச் சேர்த்து, ஈர மணலில் அமர்த்திய மண்பானையில் ஊற்றிப் பானையைச் சுற்றி நனைத்த துணியைக் கட்டுங்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருப்பதன் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எட்டும் கோவை, பொள்ளாச்சி, பல்லடம் பகுதிகளில் இது மிக நன்றாகவே வேலை செய்யும். வயதானவர்கள் வருவதாக இருந்தால் மோரோடு கம்மங்கூழும் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள வையுங்கள். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் இரண்டு சொம்பு கேட்டு வாங்குவார். ஐஸ் கட்டி வேண்டுமென்றால் குடிநீரில் வீட்டிலேயே உறைய வைத்ததைப் பயன்படுத்துங்கள். மீன் கடைக்குப் போகும் பாளம் குடிப்பதற்கானது அன்று.

இவ்வளவுக்கும் பிறகு, சோறு இல்லாமல் சாப்பிட்டதாகவே ஆகாது என்பவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்காகக் கடைசியில் ஒரு பாத்திரம் அரிசியும் பருப்பும் ஏற்றிவிடலாம். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள்தூள், எல்லாவற்றையும் தாளித்து ஒன்றாக வேகவிட வேண்டியதுதான். கறி வெந்துகொண்டிருக்கும்போதே இதை உள்ளே அடுப்பில் வைத்துவிட்டால், சட்டி காலியாகும் நேரத்தில் இது ஆவி பறக்க வெளியே வரும். ஊத்துக்குளி நெய் கிடைத்தால் தட்டிலேயே ஒரு கரண்டி விடுங்கள். அப்பளமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். அரை வயிறு சோற்றுக்காகவே எப்போதும் காத்திருப்பவர்கள் உண்டு என்பதால் இரண்டு கிலோ அரிசிக்குக் குறைக்க வேண்டாம்.

இனிப்புக்குத் தனியாக எதுவும் கிண்ட வேண்டியதில்லை. சேலத்து மல்கோவாவோ இமாம் பசந்தோ கிடைக்கும் காலம் இது. முழுப் பழமாகத் தண்ணீரில் போட்டு வைத்து, சாப்பிடும் நேரத்தில் கீறிக் கொடுங்கள். நுங்குக் குலை கிடைத்தால் அதை வெட்டித் தரும் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் புதுமையாக வேண்டுமென்றால் இளநீர்ப் புட்டிங் செய்யலாம். பத்து கிராம் சைனா கிராசை, அதாவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரை, சிறிது தண்ணீரில் கொதிக்கவிட்டு முழுவதும் கரைத்து, சர்க்கரை கலந்த ஒரு லிட்டர் இளநீரோடு சேர்த்து, வழுக்கைத் துண்டுகளைப் போட்டுக் குளிரவைத்தால் போதும். சைனா கிராஸ் ஒருமுறை உறைந்துவிட்டால் 80 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் திரும்ப உருகும் என்பதால், வெளியே வந்து தட்டில் அமர்ந்த பிறகும் கட்டியாகவே நிற்கும். ஐஸ்கிரீமைப் போல ஓடிப்போகாது. பால் சேர்க்காத வகையையே செய்யுங்கள்.

தட்டுகளைப் பொறுத்தவரை, காற்று வீசும் வாசலில் வாழையிலை நிற்காது; பாக்குமட்டைத் தட்டு கனமாகவும் காற்றுக்கு அசையாமலும் இருக்கும், பிறகு எருக்குழியில் போட்டுவிடலாம். சித்திரையில் மாலை நான்கு மணிக்கு மேல் திடீரென்று இடி மின்னலோடு கோடை மழை இறங்குவதும் உண்டு. கார் நிறுத்தும் கொட்டகையையோ திண்ணையையோ முன்பே கூட்டித் துடைத்து வைத்திருந்தால், மழை வந்தாலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம்.

மாலை ஐந்தரைக்கு மோரும் வேகவைத்த நிலக்கடலையும், ஆறு மணிக்குத் தட்டுவடை செட், ஆறரைக்குச் சந்தகை பிழிதலும் விறகு மூட்டலும், ஏழேகாலுக்குக் கறி, எட்டு மணிக்கு அரிசியும் பருப்பும், அதன் பிறகு மாம்பழம் என்று வைத்துக்கொண்டால், எந்த உணவும் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே காத்திருக்காது. எலுமிச்சைச் சந்தகை மீந்தால் பிழிந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். மீந்த தேங்காய்ப்பாலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்; ஊற்றிவிடுங்கள்.