முதியோர் இல்லம் தேடும் பெங்களூர்த் தமிழர்களுக்கு: ஒரு நர்ஸின் பதில்கள்

பெங்களூரில் முதியோர் வார்டிலும், பிறகு ஒரு பராமரிப்பு இல்லத்திலும் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா அம்மாவை எந்த இல்லத்தில் விடுவது, எதைப் பார்த்து நம்புவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு இல்லத்தின் பெயரைச் சொல்லி “இது எப்படி?” என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. நான் உள்ளே போய்ப் பார்க்காத இடத்தைப் பற்றிப் பேசினால் அது நியாயமாக இருக்காது.

லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு மகள்: சிஸ்டர், அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. மூன்று இல்லம் பார்த்தோம். மூன்றிலும் மேனேஜர் நன்றாகப் பேசுகிறார், தரை பளபளவென்று இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

அம்மா, மேனேஜர் அறையிலிருந்து எழுந்து கட்டில்கள் இருக்கும் பக்கம் போங்கள். முதலில் சொல்லிவிட்டுப் போனது போதும். இன்னொரு முறை சொல்லாமல், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள்.

அங்கே இருப்பவர்களின் உடம்பே எல்லாம் சொல்லிவிடும். போர்வைக்கு வெளியே தெரியும் குதிகாலைப் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்தால் அவரை நெடுநேரமாக யாரும் புரட்டவில்லை. நகம் வெட்டியிருக்கிறதா? உதடு காய்ந்து, நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, யாராவது கையில் கொடுத்தால்தான் குடிப்பார்கள். தண்ணீர் பாட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கவனியுங்கள். உங்கள் அம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது, பாட்டில் இடது பக்கம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்கவாதக்காரர் ஒருவரின் செயல்படாத கைப்பக்கம் தண்ணீரை வைத்துவிட்டுப் போகிற இடத்தில், நோயாளியைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் இல்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். இதற்கு ஒரு சார்ட் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு நீங்கள் பார்க்கும்போதே ராத்திரி 8 மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏர் பெட் (மின்சாரத்தில் ஓடும் காற்று மெத்தை) இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். ஏர் பெட் உதவும், ஆனால் அதில் படுத்தவரையும் புரட்டித்தான் ஆக வேண்டும். அது ஓடுகிறதா, பிளக்கைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? அதில் எத்தனை, இங்கே வந்த பிறகு வந்தது?” எண்ணிக்கையைச் சொல்லி, என்ன செய்கிறோம் என்றும் விளக்குகிறவர் பரவாயில்லை. “எங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது” என்று கையை வீசுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

ஊட்டும்போதும் கொஞ்சம் நின்று பாருங்கள். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவது சிரமம். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். படுக்கவைத்து அவசரமாக ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தவுடன் படுக்கவைக்கக் கூடாது.

விவேக் நகரிலிருந்து ஒருவர்: உள்ளே நுழைந்ததும் மூத்திர நாற்றம் வந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடலாமா?

ஒரு அறையில் ஒரு நேரம் அடித்தால் அப்போதுதான் யாருக்காவது டயப்பர் மாற்றுகிறார்கள் என்று அர்த்தம், அது சகஜம். நடைபாதை முழுக்க, எப்போது போனாலும் அடித்தால் ஒதுக்கிவிடுங்கள். மூச்சு முட்ட பினாயில் வாசனை அடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு தம்பி: பத்து பேருக்கு மூன்று நர்ஸ் என்கிறார்கள். இது போதுமா அக்கா?

தம்பி, அந்த மூன்று பேரில் நர்ஸ் படிப்பு படித்தவர் எத்தனை பேர்? வெள்ளைச் சீருடை போட்ட எல்லோரையும் நாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம். ஏ.என்.எம். இரண்டு வருடப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். மற்றவர்கள் அட்டெண்டர்கள். குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்காரவைப்பது அவர்கள்தான். அந்த வேலையை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கட்டிடத்தில் இருந்தே ஆக வேண்டும். நர்ஸ் என்று சொல்பவருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேட்பதில் தப்பே இல்லை.

பகல் கணக்கை விட்டுவிட்டு ராத்திரிக் கணக்கைக் கேளுங்கள். ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? யாராவது மூச்சுத் திணறினால் யார் யாருக்கு போன் செய்வார்கள், எந்த ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம்? போன வார டூட்டி சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயர் பகலிலும் ராத்திரியிலும் வந்தால், அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே இல்லை, உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பாதுகாப்பும் இல்லை. இங்கே அட்டெண்டர்கள் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போனால் அந்த வாரம் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கம்மனஹள்ளியிலிருந்து ஒரு மகன்: அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு எங்களோடு இங்கே வந்தார். கன்னடம் சரளமாகப் பேசுவார். இப்போது மறதி நோய் முற்றி, தமிழ் தவிர எதுவும் வரவில்லை. ராத்திரியில் எழுந்து கிளம்பப் பார்க்கிறார். சமாளிக்க முடியவில்லை.

ஐயா, உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மறதி நோயில் பலருக்குப் பின்னால் கற்ற மொழிகள் முதலில் நழுவும், தாய்மொழி கடைசிவரை ஓரளவு நிற்கும். அப்பா “ஒண்ணுக்கு வருது” என்று சொல்வது அட்டெண்டருக்குப் புரியவில்லை என்றால், அவர் எழுந்து தானே போகப் பார்ப்பார், தடுத்தால் கையை ஓங்குவார். உடனே ஃபைலில் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதிவிடுவார்கள். அடுத்து மாத்திரை வரும்.

அதனால் தமிழ் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா என்று பாருங்கள். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்பது போதாது. தண்ணி, வலிக்குது, பசிக்குது, குளிருது, ஒண்ணுக்கு என்று பதினைந்து இருபது வார்த்தைகளை கன்னட எழுத்திலும் இந்தி எழுத்திலும் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே அர்த்தமும் போட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அப்பா ஷிப்டுக்குப் போனவர் என்பதையும் எழுதிக் கொடுங்கள். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புகிறாரோ என்னவோ! “இன்னைக்கு லீவு, நாளைக்குப் போகலாம்” என்று தமிழில் ஒருவர் சொன்னால் அடங்கிப் படுத்துக்கொள்ளக் கூடும். சாப்பாட்டையும் சொல்லுங்கள். வெல்லம் போட்ட சாம்பாரைத் தள்ளிவிட்டு ரசம் சாதத்தை வழித்துச் சாப்பிடுகிற தாத்தாக்கள் நிறையப் பேர்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அமைதியாக இருக்க என்று கொடுக்கும் சில மனநோய் மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2005-இல் எச்சரிக்கை கொடுத்தது. சில பேருக்கு வேறு வழியில்லாமல் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குத் தேவைப்படும். அதை டாக்டர் பார்த்து எழுத வேண்டும், உங்களிடம் சொல்ல வேண்டும், எப்போது நிறுத்துவது என்றும் பேச வேண்டும். நீங்கள் எந்த நேரம் போனாலும் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தால், என்ன மாத்திரை என்று மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் துணி கட்டிய தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழப்பம் திடீரென்று ஓரிரு நாளில் கூடினால் அது மறதி நோய் முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு எதுவாகவும் இருக்கலாம், உடனே சோதிக்கச் சொல்லுங்கள். நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் முதியோர் மனநலப் பிரிவு இருக்கிறது. கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை மறதி நோய்க்கென்றே தனி மையம் நடத்துகிறது. சேர்க்கிறீர்களோ இல்லையோ, ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தால் மற்ற இடங்களில் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஓசூரிலிருந்து ஒருவர்: லைசென்ஸ் எதைக் கேட்பது?

கர்நாடகத்தில் மருத்துவம், நர்சிங் எல்லாம் தருகிறோம் என்று சொல்லும் இடமானால் 2007-ஆம் ஆண்டு தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான கே.பி.எம்.இ. என்று கேட்டாலே புரியும். உங்கள் ஊர் தமிழ்நாடு, அந்தச் சட்டம் அங்கே செல்லாது, தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமும் பதிவும் உண்டு. சான்றிதழில் தேதி முடிந்துவிட்டதா, முகவரி அதே கட்டிடம்தானா என்று பாருங்கள். தீயணைப்புக் கருவியையும், ராத்திரியில் வெளிக்கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பானஸ்வாடியிலிருந்து ஒரு மருமகள்: மாதக் கட்டணம் ஒன்று சொல்கிறார்கள், பில் வேறாக வருகிறது என்கிறார்களே?

வரும். டயப்பர், கையுறை, பிசியோ, ஆக்சிஜன், டாக்டர் விசிட், ஆஸ்பத்திரிக்குத் துணையாக அனுப்பும் ஆள் என்று எல்லாம் தனியாக ஏறும். மாமியாரைப் போன்ற நிலையில் இருப்பவர் ஒருவரின் போன மாத பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் நாலு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, வருடா வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள், எந்த நிலை வந்தால் “எங்களால் முடியாது, கூட்டிப் போங்கள்” என்பார்கள். கடைசியைக் கேட்க யாருக்கும் தோன்றாது. திடீரென்று ஒருநாள் அந்த போன் வரும்போது மாற்று இடம் கிடைக்காமல் குடும்பமே அல்லாடும்.

70 வயது ஆனவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 முதல் விரிவாக்கப்பட்டிருக்கிறது, உங்கள் மாநிலத்தில் அட்டை கொடுக்கிறார்களா என்று விசாரித்து எடுத்துவிடுங்கள். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் உதவும், இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு ஆகாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன், அம்மா பெங்களூரில்: தினமும் வீடியோ காலில் பார்க்கிறேன். நன்றாகத்தான் தெரிகிறார். இது போதுமா?

தலைவாரிப் பொட்டு வைத்து உட்காரவைத்த பிறகுதான் வீடியோ வரும், தம்பி. மாதா மாதம் எடையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். உள்ளூரில் ஒரு சொந்தக்காரரோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ வேளை கெட்ட வேளையில் போய்ப் பார்க்கட்டும். யாராவது வருவார்கள் என்று தெரிந்த கட்டிலுக்குக் கவனிப்பு தனி, இது வருத்தமான உண்மை.

இன்னொன்று. பவர் பத்திரம் (அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவருக்கு மனத்தெளிவு போய்விட்டால் சட்டப்படி அந்த பவர் முடிந்துவிடும். அம்மா தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், வக்கீலிடமும் பேசுங்கள்.

ஃப்ரேசர் டவுனிலிருந்து: அத்தைக்குப் புற்றுநோய், இனி சிகிச்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் விடலாமா?

வலியை அடக்கத் தெரிந்த இடம் வேண்டும் அம்மா. ஒயிட்ஃபீல்டு போகும் வழியில், குந்தலஹள்ளிப் பக்கம் கருணாஷ்ரயா இருக்கிறது, முற்றிய புற்றுநோய்க்காரர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். முதலில் அங்கே கேளுங்கள். அத்தை தெளிவாக இருந்தால், வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டு எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் எழுதினால் போதும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கிவிட்டது.

ஸ்ரீராம்புரத்திலிருந்து: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு யாரும் இல்லை, பணமும் இல்லை.

ஓசூர் ரோட்டில் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர் சகோதரிகளின் இல்லம் ஏழை முதியவர்களுக்கானது, இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, அதிலும் வழி சொல்வார்கள்.

அல்சூரிலிருந்து ஒரு மகள்: இல்லத்தில் இருக்கும் அம்மாவின் மேல்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. கேட்டால் “கட்டிலில் இடித்துக்கொண்டார்” என்கிறார்கள். சண்டை போட்டால் அம்மாவை மோசமாக நடத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாகத் தட்டினாலே நீலம் பாயும், அதை முதலில் பாருங்கள். முழங்கை, முழங்கால் பக்கம் என்றால் இடித்ததாக இருக்கலாம். மேல்கையின் உள்பக்கம் விரல் பதிந்த மாதிரி நாலைந்து தடம் இருந்தால், யாரோ இறுகப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். தேதியோடு போட்டோ எடுங்கள். விபத்துப் பதிவேட்டில் அன்றைய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், குரலை உயர்த்தவே வேண்டாம். அம்மாவிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். யாராவது ஒரு ஆளைப் பார்த்ததும் அவர் முகம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். பதில் வரவில்லை, அல்லது இரண்டாவது தடவை நடந்தது என்றால் வேறு இடம் பார்த்துவிட்டு, பெங்களூர் முதியோர் உதவி எண் 1090-இல் சொல்லுங்கள்.

மர்பி டவுனிலிருந்து ஒரு அம்மா: என் வீட்டுக்காரரை நானே பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் 71 வயது, தூக்க முடியவில்லை. விட்டுவிட்டால் சொந்தக்காரர்கள் கழுவி ஊற்றுவார்கள்.

அம்மா, பேசுகிற சொந்தக்காரர்களில் ஒருவரை ராத்திரி ஒருமுறை வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லுங்கள். உங்கள் இடுப்பு போய்விட்டால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது? முழுசாக விட வேண்டியதில்லை. பல இல்லங்களில் குறுகிய காலத்துக்கும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், பகலில் போய் நீங்களே ஒரு வேளை ஊட்டுங்கள். சேர்க்கும் அன்றைக்கே முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் நர்ஸோடு சேர்ந்து பார்த்து எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டி வரும் அன்றைக்கும் அதே மாதிரி பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.