சோறு வெஞ்சனமாகட்டும்: வீட்டுச் சமையலை விடாமல் எடை குறைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 5.9 சதவீதம் வந்திருக்கிறது, மாத்திரை எதுவும் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் எடை இறங்கும் என்று சொன்னதால் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முட்டையும் வெள்ளரிக்காயுமாக மூன்று வாரம் ஓட்டினேன். 3 கிலோ குறைந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான்கு நாள் போய் வந்ததும் 2 கிலோ திரும்ப ஏறிவிட்டது. வீட்டில் ஐந்து பேருக்கும் நான்தான் சமைக்கிறேன். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. "ஒரு வாய் சோறுகூட இல்லாம அது என்ன சாப்பாடு?" என்று என் மாமியார் தினமும் கேட்கிறார். வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டு எடை குறைக்க வழி உண்டா?
– விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உண்டு. அதற்கு முன்னால் அந்த 3 கிலோவைப் பற்றிப் பேசிவிடலாம். அது உங்கள் மனதை ரொம்பவே அரித்திருக்கிறது என்று தெரிகிறது.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் வாரத்தில் இந்தக் கையிருப்பு தீர்ந்து, தண்ணீரும் கூடவே போய்விடும். தராசு வேகமாக இறங்குவது அதனால்தான். கல்யாண வீட்டில் நான்கு வேளை இலையில் உட்கார்ந்ததும் அதே தண்ணீர் திரும்ப வந்துவிட்டது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். நான்கு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு சேர்வது லேசில் நடக்காது. மூன்று வாரத்தில் கொஞ்சம் கொழுப்பு நிஜமாகவே கரைந்திருக்கும், அந்தப் பலன் எங்கும் போகவில்லை. ஆகவே "எல்லாம் வீணாப்போச்சு" என்று நினைக்காதீர்கள்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் 'வெஞ்சனம்' என்று ஒரு சொல் உண்டு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருப்பதெல்லாம் வெஞ்சனம்: பொரியல், கூட்டு, கீரை, மீன், கறி எல்லாம். சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதை உள்ளே இறக்க உதவுவது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இந்த வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். வெஞ்சனம் சாப்பாடாகட்டும், சோறு அதற்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வரட்டும். சமையல் மாற வேண்டாம், தட்டில் அளவு மாறினால் போதும்.

எவ்வளவு சோறு என்று கேட்பீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேலை சொல்வேன். ஒருநாள் மதியம் எப்போதும் போலப் பரிமாறிக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன் சோற்றை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள் என்பேன். "நான் கொஞ்சம்தான் சாப்பிடுவேன்" என்று சொன்னவர்கள்கூட 300, 350 கிராம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 350 கிராம் என்றால் மதியம் ஒரு வேளையிலேயே 100 கிராமைத் தொட்டுவிடுகிறோம். நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குள் இருந்தால்தான் அதைக் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்த 350 கிராம் எப்படி வருகிறது தெரியுமா? நம் சாப்பாடு மூன்று சுற்று. குழம்புக்கு ஒருமுறை சோறு, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை. பசி முதல் சுற்றிலேயே முக்கால்வாசி அடங்கியிருக்கும். ரசத்துக்கும் மோருக்கும் சோறு போட்டுக்கொள்வது பழக்கத்தில்தான். அதனால் ரசத்தை டம்ளரில் ஊற்றிச் சாப்பாட்டுக்கு முன் சூடாகக் குடியுங்கள். மோரைக் கடைசியில் டம்ளரில் குடியுங்கள். சோறு குழம்புக்கு மட்டும், ஒரே ஒரு சுற்று, 100 கிராம். உங்கள் கரண்டியில் 100 கிராம் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டால் பிறகு தராசே வேண்டாம். மாமியார் கேட்கும் ஒரு வாய் சோறும் தட்டில் இருக்கும்.

சாப்பிடும் வரிசையையும் கொஞ்சம் மாற்றுங்கள். முதலில் பொரியலும் கீரையும் மீனும், பாதி பசி அடங்கிய பிறகு சோறு. காயும் புரதமும் முன்னால் போனால் அதே சோற்றுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையான 5.9-இல் நிற்கும் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சோறு குறைந்த இடத்தை எதனால் நிரப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கிப் பொரியல் செய்தால் ஆளுக்கு இரண்டு கரண்டிதான் வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, கீரை என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி. நம் வீடுகளில் இதில் பாதி வந்தாலே பெரிது. உங்கள் செலவு கூடும் இடம் இதுதான், அரிசியில் மிச்சமாவதைக் காயில் போடுங்கள். பீர்க்கங்காய், சுரைக்காய், புடலங்காய், கத்திரிக்காய், அவரைக்காய், முட்டைக்கோஸ், கீரை எதுவும் தாராளமாகப் போகலாம். உருளையும் மரவள்ளியும் சோற்றோடு சேர்ந்த கணக்கு, அன்றைக்கு அதைச் சாப்பிட்டால் சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புரதம். நீங்கள் அந்த மூன்று வாரத்தில் மாலையானதும் கை நடுங்குகிற மாதிரி பசித்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். வெள்ளரிக்காய் வயிற்றில் நிற்காது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்ற கணக்கில் உங்களுக்கு நாளொன்றுக்கு 65 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மத்தி மீனிலோ சங்கராவிலோ சுமார் 20 கிராம், 100 கிராம் பன்னீரில் 18 கிராம். வெந்த துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 7 கிராம்தான், கூடவே 20 கிராம் மாவுச்சத்தும் வரும். பருப்பு நல்லதுதான், ஆனால் நீர்த்த சாம்பாரை மட்டும் நம்பிப் புரதம் கிடைத்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. மீன் குழம்பு வைத்த நாளில் குழம்பைக் குறைத்து மீனில் இரண்டு துண்டு கூட எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, அமாவாசை என்று கவுச்சி சேர்க்காத நாட்களில் பன்னீரோ மீல்மேக்கரோ சுண்டலோ இருக்கட்டும்.

எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன், தனிச் சமையல் வேண்டாதது. முருங்கைக்கீரை உருவும் நாளில் இரண்டு பிடி கூடுதலாக உருவிக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயத்தையும் வரமிளகாயையும் நல்லெண்ணெயில் வதக்கி, கீரையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வேகவிடுங்கள். எல்லாருக்கும் பரிமாறும் அளவை எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் மிச்சமிருப்பதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, முட்டை கீரையோடு ஒட்டி உதிர்ந்து வரும்வரை கிளறுங்கள். கடைசியில் ஒரு பிடி தேங்காய்த் துருவல். ஐந்து நிமிட வேலை, உங்கள் மதியச் சாப்பாட்டில் பாதி அதுவே.

காலை இட்லியை நிறுத்த வேண்டியதில்லை. ஓர் இட்லியில் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. ஐந்து இட்லி சாப்பிடுகிறவர் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும், காய் நிறைய போட்ட சாம்பாரும் என்று மாற்றிக்கொள்ளலாம். காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 8 கிராம், தினம் மூன்று காபி என்றால் 24 கிராம். ஏறக்குறைய மூன்று இட்லி அளவு மாவுச்சத்தைக் குடித்துவிடுகிறோம். இட்லியைக் குறைக்குமுன் இதை நிறுத்துங்கள். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இதே கணக்குதான்.

இரவுக்குத்தான் எல்லாரும் சப்பாத்திக்கு மாறுகிறார்கள். 30 கிராம் கோதுமை மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் 200 கிராம் சோறு சாப்பிட்ட மாதிரி. சிறுதானியமும் அப்படியே. கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு எதை எடுத்தாலும் 100 கிராம் தானியத்தில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து உண்டு. பச்சரிசியில் 78. நார்ச்சத்துக்காகச் சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். ஆனால் "தினைதானே" என்று கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டுவிட்டு எடை இறங்கவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. இரவுக்கு ஒரு பாசிப்பயறு தோசையும், அதன்மேல் பன்னீர் புர்ஜியோ மிளகு போட்ட முட்டையோ, பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரியலும் போதும். இப்படிச் சாப்பிட்டால் மாலைச் சுண்டலையும் சேர்த்து நாளின் கணக்கு 120, 130 கிராமில் நிற்கும்.

எண்ணெயைப் பற்றி ஒன்று. பேலியோ என்று, அதாவது மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை என்று, தொடங்குகிறவர்கள் காலையில் 100 பாதாம் சாப்பிட்டு, நெய்யையும் அளவில்லாமல் ஊற்றிக்கொள்வதைப் பார்க்கிறேன். 100 பாதாம் என்பது ஏறக்குறைய 700 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. மாவுச்சத்து இல்லையென்றாலும் கலோரி கலோரிதான். 2018-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு என்று ஒரு வருடம் பின்தொடர்ந்து ஆய்வு வெளியிட்டது. எடை குறைந்ததில் இரு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மாவுச்சத்தைக் குறைப்பதில் மந்திரம் கிடையாது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல இதுதான் காரணம். நம் தட்டில் மாவுச்சத்து மிக அதிகம், அதைக் குறைத்துக் காயும் புரதமும் ஏற்றினால் பசி அடங்குகிறது, மொத்தச் சாப்பாடும் தானாகக் குறைகிறது. வருடக்கணக்கில் சாப்பிட முடிகிற சாப்பாடாக இருந்தால்தான் அது வேலை செய்யும். உங்கள் வெள்ளரிக்காய் மூன்று வாரம்தான் தாக்குப்பிடித்தது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தத் தட்டைப் பார்த்து வீட்டில் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது, உங்கள் மாமியாரோ கணவரோ, தாமாகவே சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவருக்குச் சோறு திடீரெனக் குறைந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுக்கிறவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிய பிறகே தட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதே விதிதான். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அவர்கள் வழக்கம்போலச் சாப்பிடட்டும்.

தினமும் எடை பார்க்காதீர்கள். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் பார்த்து எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், தராசு அசையாத வாரத்திலும் சில சமயம் டேப்பில் மாற்றம் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் அது நல்ல வேகம். கல்யாணம் காட்சி வந்தால் போய் இலையில் உட்காருங்கள், மறுநாள் பழைய தட்டுக்குத் திரும்பினால் சரி.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கறி சுக்கா வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டிய மசாலாவோடு பிரட்டிச் சாப்பிடுவது உங்கள் ஊர்ப்பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. சமைத்தவருக்குத்தான் பெரும்பாலும் அந்தச் சட்டி வரும். அதை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு உள்ள 100 கிராம் சோற்றை அந்தச் சட்டியிலேயே போட்டுப் பிரட்டிக்கொள்ளுங்கள்.